ரேஜ், அமோக், பெர்செர்க், டேன்ட்ரம்: திடீர்ச் சினத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் தமிழும்

ரேஜ், அமோக், பெர்செர்க், டேன்ட்ரம் என்று ஆங்கிலத்தில் எது வந்தாலும் ‘ஆவேசம்’ அல்லது ‘கடும் கோபம்’ என்று எழுதிக் கடந்துவிடும் பழக்கம் நம் மொழிபெயர்ப்புகளில் வேரூன்றியிருக்கிறது. இச்சொற்கள் வெவ்வேறு மண்ணில் பிறந்தவை. ஒவ்வொன்றும் சினத்தின் தனித்ததொரு வகையைச் சுட்டுவது. அவற்றின் பிறப்பை அறிந்தால், பொருத்தமான தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் நம் கையிலேயே இருப்பது தெரியும்.

ரேஜ் என்னும் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் ‘ரேபியெஸ்’ என்னும் இலத்தீன் சொல். நாய்க்கடியால் வரும் ரேபிஸ் நோயின் பெயரும் அதுவே. தமிழிலும் நிலைமை இதுதான் என்பது வியப்புக்குரியது: வெறிநாய், வெறிநாய்க்கடி என நோயைச் சுட்டும் ‘வெறி’யே, மூர்க்கமான சினத்தையும் கள்மயக்கத்தையும், சங்கப் பாடல்களில் வேலன் முருகேறி ஆடும் வெறியாட்டையும் குறிக்கிறது. தன் வசம் இழந்த நிலை என்பதே இவை எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே சொற்பிறப்பை மட்டும் பார்த்தால் ரேஜுக்கு வெறியே நேர்ச்சொல். ஆனால் சாதிவெறி, மதவெறி, பதவிவெறி என்று நெடுநாள் நீடிக்கும் மனப்போக்கையே இன்று அச்சொல் பெரிதும் சுட்டுவதால், கண நேரத்தில் மூண்டு தணியும் சினத்துக்கு அது எப்போதும் பொருந்தாது. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் பரவிய ‘ரோடு ரேஜ்’ என்னும் தொடரைச் சாலைவெறி என்றால் பொருள் தடுமாறும். சாலைச் சீற்றம் என்பதே தகும். பாம்பு சீறுவதில் ஓசையும் பாய்ச்சலும் ஒருங்கே இருப்பதுபோல, சீற்றம் என்ற சொல்லில் சினமும் அதன் வெளிப்பாடும் பிரியாமல் நிற்கின்றன.

அமோக் மலாய்ச் சொல். மலாயில் ‘மெங்காமோக்’ என்றால் கட்டுமீறிக் கண்ணில் பட்டவரையெல்லாம் தாக்குதல் என்று பொருள். மதம் பிடித்த யானைக்கும் அதே வினை வழங்கும். ஜாவா மக்களிடையே இத்தகைய தாக்குதல் நிகழ்வதைப் போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூல், குறிப்பிட்ட பண்பாடுகளோடு பிணைந்த நோய்க்குறித் தொகுதிகளுள் ஒன்றாக இதைச் சேர்த்தது. மனச்சோர்வோடு ஒதுங்கியிருந்த ஒருவர் திடீரெனக் கொலைத் தாக்குதலில் இறங்குவதும், பின்னர் நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லாமற்போவதும் இதன் கூறுகளாகச் சொல்லப்பட்டன. இந்த மூலப்பொருளுக்குக் ‘கொலைவெறி’ முழுமையாகப் பொருந்தும். இன்றைய ஆங்கிலத்திலோ, பள்ளி விட்டதும் ஓடித் திரியும் பிள்ளைகளுக்கும் நிலையிழந்த சந்தை விலைக்கும்கூட இச்சொல் வழங்குகிறது. அங்கே கொலைவெறி என்று எழுதுவது பெரும்பிழை. ‘தறிகெட்டு’ என்பதே ஏற்றது. விலங்கைக் கட்டும் கம்பத்துக்கும் தறி என்று பெயர் உண்டு.

பெர்செர்க் ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் பிறந்தது. கரடித்தோல் சட்டை அணிந்தவன் என்பர் ஒரு சாரார். கவசச் சட்டை இல்லாதவன் என்பர் மற்றொரு சாரார். ஓடின் என்னும் கடவுளின் வீரர்கள் கவசமின்றிப் போர்புகுந்து, ஓநாய்போல் மூர்க்கம் கொண்டு, தம் கேடயத்தையே கடித்தனர் என்று ஐஸ்லாந்தின் வரலாற்றாசிரியர் ஸ்னோரி 13ஆம் நூற்றாண்டில் எழுதினார். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் வெளிப்பட்ட சதுரங்கக் காய்களிலும் கேடயம் கடிக்கும் வீரர்கள் உண்டு. வேறோர் ஆற்றல் உள்ளே புகுந்து ஆட்டுவிக்கும் நிலை இது என்பதால், உட்புகுதல் என்னும் பொருளுடைய ‘ஆவேசம்’ இங்குதான் சரியாக அமர்கிறது. எல்லாச் சினத்துக்கும் அதைச் செலவழித்துவிட்டால் இந்த இடத்தில் சொல் இல்லாமற்போகும்.

‘அவுட்பர்ஸ்ட்’ போன்ற பொதுச்சொல்லுக்கு ஆத்திரம் போதும். அவசரம், கோபம் ஆகிய இரண்டையும் அது ஒன்றாகச் சுட்டுகிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகச் சொல்லும் ‘வெகுளி’ இதற்கு இன்னும் அழகிய சொல்லாக இருந்திருக்கும்.

குணமென்னும் குன்றேறி நின்றார் வெகுளி
கணமேயும் காத்தல் அரிது

என்ற குறளுக்கு, முனிவரின் வெகுளி இருப்பது கணமே ஆயினும் அதற்கு ஆளானவரால் தடுக்க இயலாது என்று பரிமேலழகர் உரை காண்கிறார். ஆனால் இன்று ‘அவர் வெகுளி’ என்றால் சூதறியாதவர் என்றே பொருள்படும். ஆகவே இலக்கியத்துக்கு வெளியே அச்சொல்லைச் சினத்துக்கு மீட்பது எளிதன்று.

டேன்ட்ரம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் காணப்படுகிறது. அதன் வேரை அகராதிகள் உறுதிப்படுத்தவில்லை. ஒன்று முதல் நான்கு வயதுக்குள், விருப்பத்தைச் சொல்லும் மொழியும் உணர்ச்சியை அடக்கும் திறனும் முதிராத பருவத்தில், குழந்தை தரையில் விழுந்து புரண்டு கத்துவதையே இது முதன்மையாகக் குறிக்கிறது. ‘அடம்’ என்று பலர் பெயர்ப்பது அரைப் பொருத்தமே. அடம் பிடிக்கும் குழந்தை வாய்மூடி உட்கார்ந்தும் பிடிக்கலாம். டேன்ட்ரத்தில் வெடிப்பு இருந்தாக வேண்டும். ‘ஆங்காரமாகக் கத்துகிறான்’ என்னும் வீட்டு வழக்கு அதற்கு நெருங்கி வருகிறது என்றாலும், ஆங்காரம் அகந்தையைச் சுட்டும் சொல்லும் ஆதலால், இரண்டு வயதுக் குழந்தையின் மேல் அதை ஏற்ற மனம் வரவில்லை. குழந்தை வளர்ப்பு பற்றிய எழுத்தில் ‘அடச்சீற்றம்’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. பேச்சில் ‘உருண்டு புரண்டு அழுகிறான்’ என்பதைவிடத் தெளிவான தொடர் தேவையில்லை.