கைக்கோடரி எப்போது மண்ணுக்குள் போனது?

ஊத்துக்கோட்டையிலிருந்து சத்தியவேடு, நாகலாபுரம், பிச்சாட்டூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் ஆந்திரா வந்துவிடும். பேருந்துப் பலகை தெலுங்குக்கு மாறும், பேச்சு அவ்வளவாக மாறாது. வீட்டில் தமிழும் கடையில் இரண்டும் கலந்து ஓடும் ஊர்கள் இவை. இந்த வட்டாரத்து மண்ணில் பழுப்பும் மஞ்சளுமாகக் கூழாங்கற்கள் கொட்டிக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட கற்களைத் தட்டிச் செதுக்கிய கைக்கோடரிகள்தான், பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய அத்திரம்பாக்கத்தில் கிடைத்தவை.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே தோண்டியவர்கள் பலர். ஆனால் கருவிகளின் வயதை அளந்து சொல்ல ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரும் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட முடிவு இது: அடியில் உள்ள அச்சூலியன் கருவிகளின், அதாவது கைக்கோடரி வகைப் பழங்கற்காலக் கருவிகளின், சராசரி வயது 15.1 லட்சம் ஆண்டு, கூடக் குறைய 70 ஆயிரம். எப்படிப் பார்த்தாலும் 10.7 லட்சத்துக்குக் குறையாது.

செய்தியைப் படித்ததும் வரும் கேள்வி, “கல்லுக்குப் போய் எப்படிங்க வயசு கண்டுபிடிக்கிறாங்க?” என்பதுதான். கார்பன் முறையா? இல்லை. அதற்கு ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருள் வேண்டும். இருந்தாலும் சுமார் 50 ஆயிரம் ஆண்டோடு அது நின்றுவிடும்.

முதலில், எந்த வயது என்று தெளிவாகக் கேட்க வேண்டும். இந்தக் கருவிகளின் கல் குவார்ட்சைட். பழைய மணற்கல் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி, மணலுக்கு மணல் ஒட்டிப்போன கல். நகரிப் பக்கம் செங்குத்தாக நிற்கும் மலைகள் இதே இனம்தான். அந்தப் பாறைக்கு வயது 100 கோடி ஆண்டுக்கும் மேல். அதிலிருந்து உடைந்து உருண்ட கூழாங்கற்கள் பிறகு ஆற்று வண்டலோடு சேர்ந்து மறுபடியும் பாறையாக இறுகின. அல்லிக்குழி மலையிலும் சத்தியவேட்டுப் பக்கத்திலும் கான்கிரீட் போட்டது போலக் கூழாங்கல் பதிந்த பாறையாக நாம் பார்ப்பது அதைத்தான். அது உருவான காலத்தைச் சொல்வது புதைபடிவங்கள். சத்தியவேடு, ஸ்ரீபெரும்புதூர் படிவுகளில் டைலோஃபில்லம் என்ற, சைக்கஸ் போன்ற தோற்றம் கொண்ட செடியின் இலைத் தடங்கள் கிடைக்கின்றன. அவை கிரிடேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை, அதாவது 10 கோடி ஆண்டுக்கு முந்தியவை. ஆக, ஒரு கைக்கோடரியைக் கையில் எடுத்தால் 100 கோடி, 10 கோடி, 15 லட்சம் என்று மூன்று வயதும் அதில் இருக்கின்றன. நமக்கு வேண்டியது கடைசி எண்.

அதை அளக்க உதவுவது வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள். விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் புரோட்டான்கள் காற்று மண்டலத்தில் மோதிச் சிதறுகின்றன. அந்தச் சிதறலில் பிறக்கும் நியூட்ரான்கள் தரை வரைக்கும் வருகின்றன. தரையில் கிடக்கும் குவார்ட்ஸில், நம் ஊரில் வெங்கச்சங்கல் என்கிறோமே அதில், இருப்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் மட்டும். நியூட்ரான் வேகமாக வந்து சிலிக்கன் அணுக்கருவை உடைத்தால் அலுமினியம்-26 பிறக்கலாம், ஆக்சிஜனை உடைத்தால் பெரிலியம்-10. இரண்டுமே கதிரியக்கம் உள்ளவை, காலப்போக்கில் தாமாகவே சிதைபவை. ஒரு கிராம் குவார்ட்ஸில் ஓராண்டில் பிறக்கும் பெரிலியம்-10 அணுக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அலுமினியம்-26 அதைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு, சரியாகச் சொன்னால் 6.75 மடங்கு, பிறக்கிறது.

கல் வெயிலில் கிடக்கும் வரை இந்த அணுக்கள் சேர்ந்துகொண்டே போகும். ஆறு பெருகிக் களிமண்ணால் அதை மூடிவிட்டால் கதிர் உள்ளே வருவது குறைந்துவிடும். பாறைக்குள் 60 சென்டிமீட்டர் இறங்கினாலே நியூட்ரான் வரத்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குகிறது. சில மீட்டர் ஆழத்தில் அது ஏறக்குறைய இல்லை. இனிமேல் சேர்ப்பு கிடையாது, ஏற்கெனவே சேர்ந்தது சிதைவது மட்டும்தான் நடக்கும்.

ஒரே ஒரு தனிமத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. மண்ணுக்குள் போகும்போது எத்தனை அணு இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மேலே எத்தனை ஆயிரம் ஆண்டு கிடந்ததோ! இங்கேதான் இரண்டு கடிகாரங்களின் அருமை தெரிகிறது. ஒரே நாளில் வரத்துக் கால்வாய் அடைபட்ட இரண்டு ஏரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மதகு பெரிதாக ஒழுகுகிறது, இன்னொன்றில் சிறிதாக. தொடக்கத்தில் இரண்டிலும் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று தெரியாவிட்டாலும், ஒன்றில் இருந்தது மற்றதைப் போல எத்தனை மடங்கு என்று தெரிந்தால் போதும். இன்றைய விகிதத்தைப் பார்த்து, வரத்து நின்று எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடலாம்.

அலுமினியம்-26 பாதியாகச் சிதைய சுமார் 7 லட்சம் ஆண்டு ஆகும், பெரிலியம்-10க்கு 13.87 லட்சம். அலுமினியம் வேகமாகக் கரைவதால் விகிதம் இறங்கிக்கொண்டே வருகிறது. கணக்கைப் போட்டால் அந்த விகிதம் ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 6.75இல் தொடங்குவது 5 லட்சம் ஆண்டில் 5.3 ஆகிறது, 10 லட்சத்தில் 4.2, 15 லட்சத்தில் 3.3. கைபேசிக் கால்குலேட்டரில் மடக்கை இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம்: 6.75ஐ இன்றைய விகிதத்தால் வகுத்து, அதற்கு இயல் மடக்கை (ln) எடுத்து, 0.483ஆல் வகுத்தால் வருவது பத்து லட்சம் ஆண்டுக் கணக்கில் விடை.

நிஜத்தில் இவ்வளவு சுளுவாக முடியாது. கல் வெகுகாலம் மேலே கிடந்திருந்தால் புதைவதற்கு முன்பே சிதைவும் நடந்திருக்கும், அப்போது தொடக்க விகிதமே 6.75ஐவிடக் குறைந்துவிடும். அதனால் புதைந்த காலம், புதைவதற்கு முன் கல் இருந்த மேற்பரப்பு அரிக்கப்பட்ட வேகம் என்ற இரண்டையும் தெரியாத எண்களாக வைத்து, இரண்டு அளவீடுகளுக்கும் ஒரே சமயத்தில் பொருந்தும் விடையைக் கணினியில் தேடுகிறார்கள். காகிதத்தில் தீர்க்க வராத சமன்பாடுகள். விடையைத் தோராயமாக வைத்து, திருத்தித் திருத்தி நெருங்க வேண்டும்.

அளவீட்டுக்கு வருவோம். இதில் எனக்கு மனசு கேட்காத பகுதி ஒன்று உண்டு: கல்லை அரைக்க வேண்டும். பதினைந்து லட்சம் ஆண்டு முழுசாகக் கிடந்த கருவியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பொடியாக்கி, அமிலத்தில் போடுகிறார்கள். அமிலம் எதற்கு? காற்று மண்டலத்திலும் பெரிலியம்-10 பிறக்கிறது. மழையோடு இறங்கிக் கல்லின் மேல் ஒட்டும் அந்தச் சரக்கு, கல்லுக்குள்ளேயே பிறந்ததைவிடப் பல மடங்கு அதிகம். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் மணல்பருக்கைகளின் வெளித்தோலைத் திரும்பத் திரும்ப உரித்து எடுத்தால்தான் உள்ளே பிறந்தது மட்டும் மிஞ்சும். கண்ணாடியையே கரைக்கும் அமிலம் இது, தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை தாக்கும். இந்த வேலை செய்பவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததே இல்லை.

சுத்தமான குவார்ட்ஸைக் கரைத்து, பெரிலியத்தையும் அலுமினியத்தையும் தனித்தனியே பிரித்து, ஆக்சைடாக்கி, துகள் முடுக்கியோடு இணைந்த நிறைமாலைமானியில், அதாவது அணுக்களை எடை வாரியாகப் பிரித்து எண்ணும் கருவியில், வைப்பார்கள். சாதாரண பெரிலியம் அணுக்கள் 10 லட்சம் கோடி இருந்தால் அதில் பெரிலியம்-10 ஒன்றோ சிலவோ இருக்கும். அந்த ஒன்றைப் பிடித்து எண்ணுவதற்குத்தான் அவ்வளவு பெரிய இயந்திரம்.

அத்திரம்பாக்கத்தில் இப்படி அளந்தவை ஆறு கருவிகள். ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு வயதைச் சொல்லும், ஒவ்வொன்றுக்கும் பிழை எல்லை உண்டு. ஆறையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிழை சுருங்கும். பிழைகள் ஒரே அளவாக இருந்தால், ஆறின் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் இரண்டரையால் வகுத்த அளவுக்கு. 70 ஆயிரம் என்ற சிறிய எண்ணைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சராசரி போக்குவது தற்செயல் பிழையை மட்டும். அரை ஆயுள், அதாவது பாதியாகச் சிதைய ஆகும் காலம், என்ற எண்ணிலேயே தவறு இருந்தால் அது ஆறு கல்லையும் ஒரே பக்கமாக இழுக்கும். இது வெறும் கற்பனை பயமில்லை. பெரிலியம்-10இன் அரை ஆயுளைப் பல காலம் 15 லட்சத்தை ஒட்டிய எண்ணாகவே பலர் பயன்படுத்தி வந்தார்கள். 2010இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அளந்த பிறகுதான் 13.87 லட்சம் நிலைபெற்றது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது கல் புதைந்த நாளில். ஒருவன் அதைச் செதுக்கிய நாள் அதற்குத் தெரியாது. சில்லு பெயர்த்தால் அணுக்களின் கணக்கு மாறுவதில்லை. ஆகவே கடிகாரம் காட்டும் நேரத்தைக் கருவியின் வயதாக மாற்றுவது நிலவியலாளரின் வேலை. முதல் சந்தேகம், அல்லிக்குழிப் பாறைக்குள் புதைந்திருந்த காலமும் கணக்கில் வந்துவிடாதா என்பது. வராது. 10 கோடி ஆண்டு புதைந்திருந்த கல்லில் பழைய பெரிலியம்-10 எழுபது தடவைக்கு மேல் பாதியாகியிருக்கும். மிச்சம் மீதி ஒன்றுமில்லை, கல் வெறுமையாகத்தான் வெளியே வந்தது. அந்த இலைத் தடங்கள் நமக்குச் செய்யும் உபகாரம் இது.

இரண்டாவது சந்தேகத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. மலையிலிருந்து விடுபட்ட கூழாங்கல் ஓடைச் சரளையில் ஐந்து லட்சம் ஆண்டு புதைந்து கிடந்து, பிறகு வெள்ளத்தில் வெளிப்பட்டு, அதை ஒருவன் எடுத்துச் செதுக்கியிருந்தால்? பழைய புதைவும் சேர்ந்து, கருவி இருப்பதைவிட வயதானதாகத் தெரியும். நேர்மாறாக, புதைந்த கருவி நடுவில் மேலே வந்து கதிர் வாங்கிக்கொண்டிருந்தால் வயது குறைத்துக் காட்டும். மியூவான் என்ற துகள் நியூட்ரானைவிட ஆழமாக இறங்கிப் புதைந்த கல்லிலும் கொஞ்சம் அணுக்களைச் சேர்க்கும், அதுவும் வயதைக் குறைக்கும் பக்கம்தான். இதனால்தான் கருவி கிடந்த மண்ணைப் படிப்பது இயந்திரத்துக்குச் சமமான வேலை. அடியில் இருப்பது மெல்லிய ஏடுகளாகப் படிந்த களிமண். கூழாங்கல்லை உருட்டும் வேகம் உள்ள தண்ணீர் அப்படிப் படியவிடாது.

அந்தக் களிமண்ணே இன்னொரு சாட்சியையும் வைத்திருந்தது. படியும்போது அதில் உள்ள இரும்புத் துகள்கள் பூமியின் காந்தப்புலத் திசையில் திரும்பி அப்படியே நின்றுவிடுகின்றன. சுமார் 7.73 லட்சம் ஆண்டுக்கு முன்பு வரை அந்தப் புலம் இன்றைக்குத் தலைகீழாக இருந்தது. இடையில் 10.7 முதல் 9.9 லட்சம் ஆண்டு வரை ஒரு குறுகிய காலம் இன்று போல் இருந்துவிட்டு மறுபடி புரண்டது. அத்திரம்பாக்கத்துக் கருவிகள் கிடந்த ஆழத்துக் களிமண் தலைகீழ்த் திசையைக் காட்டியது. காந்தம் தனியாகச் சொல்வது இவ்வளவுதான்: 7.73 லட்சத்துக்கு மேல். அணுக்கடிகாரம் 15 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அந்தக் குறுகிய இடைவேளைக்கும் முந்திய தலைகீழ்க் காலம்தான் பொருந்துகிறது. குறைந்தது 10.7 லட்சம் என்ற எல்லை வருவது அப்படி. 15.1ஐ மட்டும் தலைப்பில் போடுகிறவர்கள் விட்டுவிடும் இந்த எண்தான் என் கணக்கில் அதிக உறுதியானது.

செதுக்கியது எந்த மனித இனம் என்பதற்கு அங்கே எலும்பு கிடைக்கவில்லை. விலங்குகளின் புதைபடிவப் பற்கள் சில கிடைத்தன. இந்தியாவில் அச்சூலியன் கருவிகளோடு தொடர்புடைய மண்டையோடு என்றால் 1982இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கிடைத்ததுதான்.

மேல் அடுக்குகளுக்கு இந்தக் கடிகாரம் சரிப்படாது. சில லட்சம் ஆண்டுக்குள் விகிதம் இறங்குவது கொஞ்சம்தான், பிழை அதை விழுங்கிவிடும். அங்கே மணல்பருக்கைகள் கடைசியாக வெளிச்சம் பார்த்த காலத்தை அளக்கும் ஒளிர்வு முறையைப் பயன்படுத்தினார்கள். 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்த முடிவின்படி, கைக்கோடரிகள் குறைந்து இடைப் பழங்கற்காலக் கருவிகள் வந்தது சுமார் 3.85 லட்சம் ஆண்டுக்கு முன்பு.

முன்பே புதைந்த கல்லைக் கண்டுபிடிக்க இப்போது ஒரு வழி இருக்கிறது. ஒரே ஆழத்தில் கிடக்கும் பல கற்களை அளந்து, பெரிலியத்தைக் கிடைமட்டத்திலும் அலுமினியத்தைச் செங்குத்திலும் வைத்து வரைபடம் போட வேண்டும். ஒன்றாகப் புதைந்தவை ஏறக்குறைய ஒரு கோட்டில் உட்காரும், கோட்டின் சாய்வு வயதைத் தரும். மியூவான் சேர்த்தது எல்லாக் கல்லுக்கும் பொது என்பதால் கோடு இடம் நகருமே தவிரச் சாய்வு மாறாது. பழைய புதைவைச் சுமந்து வந்த கல் கோட்டுக்குக் கீழே தனியாக நிற்கும், அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் இதற்கு ஒரே அடுக்கில் ஐந்தாறு கல்லாவது வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமிலக் குளியல், தனித்தனியாக முடுக்கியில் நேரம்.