ஒரே நிலவேம்பு, வேறு வேறு கோப்பு: 158-பி விதி கேட்பது என்ன?

நிலவேம்பைத் தண்ணீரில் காய்ச்சி வற்றவைத்தாலும் எக்ஸ்ட்ராக்ட்தான், அதாவது பிரித்தெடுத்த சத்துதான். ஹெக்சேன் என்ற வேதிக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்தாலும் எக்ஸ்ட்ராக்ட்தான். ஆனால் தயாரிப்பு உரிமம் கேட்கும்போது இரண்டும் ஒன்றல்ல. மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 2010-ல் சேர்க்கப்பட்ட 158-பி, சித்த, ஆயுர்வேத, யுனானி எக்ஸ்ட்ராக்ட்டுகளுக்கான சான்றுகளைக் கரைப்பானை வைத்தே பிரிக்கிறது.

தண்ணீரிலோ, தண்ணீர்-ஆல்கஹால் கலவையிலோ எடுத்து, பாரம்பரிய மருத்துவ நூலில் சொன்ன அதே நோய்க்குக் கொடுப்பதானால் நச்சுத்தன்மை ஆய்வு தேவையில்லை. புதிய நோய்க்கு என்றால் பலனுக்குச் சான்று காட்ட வேண்டும். வேறு கரைப்பான் என்றால் நான்கு ஆய்வுகள் வேண்டும்: உடனடி நச்சு, நீண்டகால நச்சு, மரபணுச் சிதைவு, கருவில் ஊனம். குடிநீரைத் தலைமுறைகளாகக் குடித்திருக்கிறோம். ஹெக்சேன் இழுத்துவரும் எண்ணெய்ப்பசைச் சத்தை யாரும் குடித்துப் பார்த்ததில்லை.

எட்டி, நாபி, சேராங்கொட்டை, நேர்வாளம் போன்றவை அதே விதிகளின் இ(1) அட்டவணையில் உள்ள நச்சுச் சரக்குகள். சொந்தக் கலவையாக விற்கும் மருந்தில் இவை சேர்ந்தால், சுத்தி (நச்சு நீக்கும் முறை) செய்திருந்தாலும் பாதுகாப்பு ஆய்வு உண்டு.

உடனடி நச்சுக்கு வழக்கமாகப் பின்பற்றுவது ஓஇசிடி 423 என்ற சர்வதேச ஆய்வு வழிகாட்டி. ஒரு படிக்கு 3 எலிகள், பெரும்பாலும் பெண் எலிகள். உடல் எடையில் கிலோவுக்கு 2000 மி.கி. வரை வாய்வழி கொடுத்து 14 நாள் கவனிப்பார்கள். விலங்கு நெறிக்குழு அனுமதியை ஆய்வு தொடங்கும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். பின்னால் வாங்கியது செல்லாது.

சொதப்பல் பெரும்பாலும் இங்கேதான். கரைப்பான் முழுதாக ஆவியாகாமல் மிஞ்சினால், எலி சாவது மூலிகையாலா ஹெக்சேனாலா என்று பிரித்தறிய முடியாது. பிசுபிசுப்பான எக்ஸ்ட்ராக்ட்டை 0.5% சிஎம்சி (மருந்தைக் கலக்க உதவும் கெட்டியாக்கி) கரைசலில் சீராகக் கலக்காவிட்டால் ஒவ்வொரு எலிக்கும் அளவு மாறும். மருந்தை வாய்வழி செலுத்தும் குழாய் தவறி நுரையீரலுக்குள் போனால் அந்தச் சாவும் நச்சுக் கணக்கில் ஏறும். ஆய்வுக்கு ஒரு தொகுதி, விற்பனைக்கு வேறு சேர்மான விகிதம் என்று இருந்தால் அறிக்கையே வீண்.

செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று ஆய்வகத்தில் பார்க்கும் எம்டிடி சோதனையை மட்டும் இணைத்து, 'பாதுகாப்பானது' என்று எழுதுவோர் உண்டு. அந்த நான்கு ஆய்வுகளுக்கு அது ஈடல்ல. அதில் சத்தைக் கரைக்கச் சேர்க்கும் டிஎம்எஸ்ஓ அளவு கூடினால் செல்கள் அதனாலேயே சாகும் என்பது தனிக் கதை.

கன உலோகச் சோதனை வேறு: ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) தாண்டக் கூடாது. தரச் சோதனைக்குப் படிவம் 48-ல் ஒப்புதல் பெற்ற ஆய்வகமா என்று பார்த்துக் கொடுங்கள்.

சத்தைப் பிரித்துச் சுத்திகரித்து, குறைந்தது நான்கு சேர்மங்களை அளந்து தரப்படுத்தினால், அது 2015-ல் வந்த பைட்டோஃபார்மசூட்டிகல் (தாவரச் சத்து மருந்து) வகை. அதற்கான விண்ணப்பம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போக வேண்டும்.