இம்பாக்ட்: தாக்கமா, பயனா?

கொழும்பில் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிப்பவர் அடிக்கடி காணும் கட்டம் 'எதிர்பார்க்கப்படும் இம்பாக்ட்'. தமிழில் நிரப்பினால் கை தானாகத் 'தாக்கம்' என்று எழுதும். சொல் பிழையில்லை, இடம்தான் பிழை.

இம்பாக்ட் இலத்தீன் வழி வந்தது. அதன் வேர்வினை 'இம்பிங்கெரெ', மோதுதல், உள்ளே அறைந்து இறுக்குதல். தமிழ்த் தாக்குதலும் அதே வினைதான். 486ஆம் குறளில் 'பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து' என்று கிடாய் பின்வாங்குவது முட்டுவதற்கே. ஆகவே 'சுற்றாடல் தாக்க மதிப்பீடு' என்ற நம் அரச வழக்கு கச்சிதம்: வீதி போட்டால் சதுப்புநிலத்துக்கு என்ன அடி விழும் என்பதே அங்கே கேள்வி. ஆராய்ச்சியிடம் கேட்பது வேறு. யாருக்கு என்ன விளைந்தது? அதற்குப் 'பயன்' இருக்கிறது. பயத்தல் என்றாலே விளைதல், தருதல்.

ஆய்வுச் சஞ்சிகைகளை அளக்கும் 'இம்பாக்ட் ஃபாக்டர்' என்ற எண் வேறு வந்து குட்டையைக் குழப்பும். ஒரு சஞ்சிகை 2021, 2022இல் 200 கட்டுரைகள் வெளியிட்டு, அவற்றைப் பிற கட்டுரைகள் 2023இல் 500 முறை மேற்கோள் காட்டினால், அதன் 2023ஆம் ஆண்டு எண் 2.5. அந்த 500இல் பெரும்பங்கைச் சில கட்டுரைகளே வாரிக்கொள்ளும். உங்கள் கட்டுரை பூச்சியமாகவும் இருக்கலாம். மேற்கோள் காட்டுவோரும் ஆய்வாளரே, விவசாயி அல்லர். இதை 'மேற்கோள் சராசரி' என்றால் மயக்கம் தீரும்.

பயனையே தனியாக அளப்பதும் உண்டு. பிரித்தானியப் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பீட்டில் கல்வி உலகுக்கு வெளியே நிகழ்ந்த மாற்றத்துக்கு 2014இல் 20 வீதம், 2021இல் மொத்தப் புள்ளியில் 25 வீதம். அளவுகோல் இரண்டு: எத்தனை பேரை எட்டியது என்ற வீச்சு, எவ்வளவு ஆழமாக மாற்றியது என்ற கனதி.

நம் நாட்டிலேயே பாடம் உண்டு. தற்கொலைக்கு அருந்தப்பட்ட பீடைகொல்லிகளில் கொடிய நச்சு வகைகள் 1995இலும் என்டோசல்பன் என்ற பூச்சிகொல்லி 1998இலும் தடைசெய்யப்பட்டன. 1995இல் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை மரணம் 2005இல் 24 ஆனது. இதைத் தடையின் பயன் என்று எப்படிச் சொல்வது? வேலையின்மை, மது, விவாகரத்து, போர் எனப் பிற காரணங்களையும் ஆய்வாளர் ஒப்பிட்டனர். இறக்கம் அவற்றோடு பொருந்தவில்லை. நஞ்சருந்தி மருத்துவமனை வந்தோர் தொகையும் அதற்கேற்பக் குறையவில்லை. குறைந்தது அருந்திய நஞ்சின் கொல்லும் வலு.

கட்டத்தில் எழுத வேண்டியதும் இதே வரிசைதான்: முந்தைய எண், ஆய்வைக் கையில் வைத்து யார் எந்த முடிவை மாற்றினார் என்பதற்குச் சுற்றறிக்கை அல்லது வர்த்தமானித் திகதி, பிந்தைய எண், பிற காரணங்களை விலக்கிய விதம். பெரும்பாலும் விடுபடுவது முதலாவது. ஆய்வு முடிந்தபின் பழைய எண்ணைத் தேடினால் கிடைக்காது. இன்னொரு வழமையான பிழை, 'கருத்தரங்கு நடத்தினோம், 80 பேர் வந்தனர்' என்பது. அது செயற்பாடு. வந்தவர்களில் எவராவது அடுத்த போகத்தில் மருந்தடிக்கும் முறையை மாற்றியிருந்தால்தான் 'சமூகப் பயன்' என்ற தலைப்பின்கீழ் எழுத ஏதாவது இருக்கும்.