சாயந்திரம் கொதிக்கிற தண்ணீர் காலையில் ஏன் ஆறிப்போகிறது?

பெங்களூரில் ஒருவர் "வீட்ல சோலார் இருக்கு" என்று சொன்னால் பெரும்பாலும் அவர் வெந்நீரைத்தான் சொல்கிறார், மின்சாரத்தை இல்லை. 2007 கடைசியில் கர்நாடக அரசு புது வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே இங்கே நிறைய வீடுகளில் வந்துவிட்டது. எந்த மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தாலும் தெற்குப் பக்கம் சாய்ந்த கண்ணாடிப் பலகைகளும் அதன் தலைமாட்டில் உருளையாக ஒரு டேங்கும் வரிசையாகத் தெரியும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று வீட்டுக்காரர்களைக் கேட்டால் "வெயில் பட்டா சூடாகுது" என்பதோடு முடிந்துவிடும். பாதி கதைதான் அது. மீதிப் பாதி தெரியாததால்தான் நல்ல சாமான் வாங்கியும் கீசர் போட்டுக் குளிக்கிறார்கள்.

என் அக்கா வீடு டி.சி. பாளையாவில், முப்பதுக்கு நாற்பது சைட்டில் கட்டிய மூன்று மாடி வீடு. மேலே அவர்கள், கீழே இரண்டு வாடகைக் குடும்பங்கள். போன டிசம்பரில் போன் பண்ணினாள். "டேய், சாயந்திரம் கையே வைக்க முடியல, அவ்ளோ சூடு. காலையில அஞ்சரைக்குத் திறந்தா பச்சத்தண்ணிக்கு அக்கா தங்கச்சி மாதிரி வருது. கீசர் போட்டுத்தான் பசங்களைக் குளிப்பாட்டுறேன்." மாட்டிக் கொடுத்தவரைக் கேட்டதற்கு, பனிக்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்றாராம்.

அது சரியான பதில் இல்லை. சோலார் டேங்க் என்பது பெரிய ஃபிளாஸ்க் மாதிரி. உள்ளே ஒரு ஸ்டீல் டேங்க், வெளியே ஒரு தகடு, நடுவில் இரண்டு அங்குலத்துக்கு பஃப் நுரை. அதில் 60 டிகிரியில் அடைத்து வைத்த தண்ணீர், பெங்களூர் குளிரில், ஒரு ராத்திரியில் ஐந்தாறு டிகிரி இறங்கலாம். முப்பது டிகிரி இறங்குகிறது என்றால் சூடு வேறு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

எங்கே போகிறது என்று புரிய, முதலில் சூடு எப்படி டேங்குக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். பலகைக்குள் கறுப்புப் பூச்சு பூசிய செம்புத் தகடு இருக்கும், அதன் முதுகில் மெல்லிய செம்புக் குழாய்கள், மேலே கண்ணாடி. வெயிலைக் கண்ணாடி உள்ளே விடும், ஆனால் சூடான தகடு திருப்பி வீசுகிற வெப்பக் கதிரை வெளியே விடாது. பூட்டி வைத்த கார் வெயிலில் அடுப்பாக மாறுவதும் இதே போலத்தான். குழாயில் இருக்கிற தண்ணீர் சூடாகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு அப்புறம்தான் விஷயம். பலகை கீழே இருக்கிறது, டேங்க் மேலே இருக்கிறது, நடுவில் மோட்டார் கிடையாது. தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது? சூடான தண்ணீர் லேசானது, அவ்வளவுதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 998 கிராம், அதே ஒரு லிட்டர் 60 டிகிரியில் 983 கிராம். பதினைந்து கிராம் வித்தியாசம். அந்தப் பதினைந்து கிராமை நம்பித்தான் முழு இயந்திரமும் ஓடுகிறது. பலகையில் சூடான தண்ணீர் லேசாகி மேல் குழாய் வழியாக டேங்குக்கு ஏறுகிறது, டேங்கின் அடியில் இருக்கிற குளிர்ந்த, கனமான தண்ணீர் கீழ்க் குழாய் வழியாகப் பலகைக்கு இறங்குகிறது. வெயில் இருக்கும்வரை இந்தச் சுற்று நிற்காது.

இந்தத் தள்ளு எவ்வளவு சின்னது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் உயர வித்தியாசத்துக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிற அளவு அழுத்தம்தான் கிடைக்கும். ஒரு சின்ன மோட்டார்கூடப் பத்து மீட்டர் தள்ளும். அதனால் சோலாரில் பைப் போடும்போது ஒரு இடத்தில் லேசாகத் தொங்கிவிட்டாலோ, மேல் குழாய் ஏறிக்கொண்டே போகாமல் நடுவில் ஒரு மேடு தட்டி அங்கே காற்று அடைத்துக்கொண்டாலோ, சுற்று அப்படியே நின்றுவிடும். வேறு எதில் அலட்சியமாக இருந்தாலும் இதில் இருக்கக் கூடாது.

அக்கா வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி போனேன். பத்து மணிக்கு மாமாவும் நானும் டார்ச்சோடு மாடி ஏறினோம். வானம் துப்புரவாக இருந்தது, நல்ல குளிர். பலகையிலிருந்து டேங்குக்கு ஏறுகிற மேல் குழாயில், ஸ்பாஞ்ச் உறை கிழிந்திருந்த இடத்தில், கையை வைத்தேன். சூடாக இருந்தது. சூரியன் மறைந்து நாலு மணி நேரம் ஆகிறது, அது சில்லென்று இருக்க வேண்டும். பலகையின் மேல் ஓரத்தில் கண்ணாடியைத் தொட்டால் அங்கேயும் வெதுவெதுப்பு. மாமா தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, ராத்திரியில வேலை செய்யுது?" என்றார். உண்மையில் அது தலைகீழாக வேலை செய்துகொண்டிருந்தது.

ராத்திரியில் பலகை வானத்தைப் பார்த்துச் சூட்டை இழக்கிறது, அதில் இருக்கிற தண்ணீர் குளிர்ந்து கனமாகிறது. டேங்க் முழுசாகப் பலகைக்கு மேலே இருந்தால் பிரச்சினை இல்லை, கனமான தண்ணீர் ஏற்கெனவே ஆகக் கீழே இருப்பதால் அங்கேயே கிடக்கும். டேங்கின் அடிப்பாகம் பலகையின் தலைக்குக் கீழே இறங்கி இருந்தால் கதை மாறும். பலகையில் குளிர்ந்த தண்ணீர் கீழ்க் குழாய் வழியாக டேங்கின் அடிக்கு நழுவும், அந்த இடத்தை நிரப்ப டேங்கில் இருக்கிற வெந்நீர் மேல் குழாய் வழியாகப் பலகைக்கு வரும், அதுவும் ஆறும், நழுவும். பகலெல்லாம் சேர்த்ததை விடியும்வரை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அக்கா வீட்டில் டேங்கின் அடி, பலகையின் தலையைவிட ஒன்றரை அடி தாழ்வாக இருந்தது.

இந்தப் புகார் நூறு வருடத்துக்கும் பழையது. 1891-ல் அமெரிக்காவில் பால்டிமோர் ஊரின் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் முதன்முதலில் விற்பனைக்கு வந்த சோலார் வெந்நீர்ப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே தண்ணீர் டேங்கை வைத்திருந்தார். சாயந்திரம் சூடாக இருக்கும், ராத்திரி கண்ணாடி வழியாகவே ஆறிப்போகும், காலையில் குளிக்க முடியாது. 1909-ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி டேங்கைத் தனியாகப் பிரித்து, சூடு போகாமல் சுற்றி மூடி, பலகைக்கு மேலே வைத்தார். பகலும் ராத்திரியும் வெந்நீர் வரும் என்பதால் 'டே அண்ட் நைட்' என்றே பெயர் வைத்து விற்றார். இன்று நம் மாடியில் இருப்பது அடிப்படையில் பெய்லியின் யோசனைதான். டேங்கைக் கீழே இறக்கினால் 1891-க்குத் திரும்பிப் போகிறோம்.

சரி, ஏன் கீழே இறக்கினார்கள்? மாட்டியவர் விஷயம் தெரியாதவர் இல்லை. சோலார் டேங்குக்குத் தண்ணீர் சின்டெக்ஸிலிருந்து தானாக இறங்கி வர வேண்டும், அதனால் சின்டெக்ஸின் அடி சோலார் டேங்கின் தலையைவிட ஒரு அடியாவது உயரமாக இருக்க வேண்டும். வீடு கட்டியவர் சின்டெக்ஸுக்கு இரண்டு வரிசைக் கல் மட்டும் கட்டி வைத்துவிட்டார். அவ்வளவு தாழ்ந்த சின்டெக்ஸிலிருந்து தண்ணீர் ஏறாது என்பதால் சோலார் டேங்கை இறக்கி வைத்துவிட்டார்கள். சின்டெக்ஸ், அதற்குக் கீழே சோலார் டேங்க், அதற்கும் ஒரு அடி கீழே பலகை. இந்த மூன்று படியும் வீட்டு பிளான் போடும்போதே முடிவாக வேண்டியது, அப்போது ஒருவரும் இதை நினைப்பதில்லை. எந்தக் கம்பெனி சோலார் நல்லது என்று என்னைக் கேட்கிறவர்களிடம், முதலில் சின்டெக்ஸ் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அக்கா வீட்டில் இரும்பு ஸ்டாண்ட் அடித்துச் சின்டெக்ஸை உயர்த்தினோம். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் எடை, ஸ்டாண்டின் கால்கள் பீமுக்கு மேலே வருகிற மாதிரி பார்த்துக்கொண்டோம். அப்புறம் சோலார் டேங்கைத் தூக்கினோம், கூடவே டேங்கின் தலையில் இருக்கிற காற்றுக் குழாயையும் சின்டெக்ஸ் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நீட்டினோம். அந்தக் குழாயை ஒழுகுகிறது என்று சிலர் மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். நீராவி போக வழி இல்லாமல் டேங்க் உப்பும், அல்லது தண்ணீர் இறங்கும்போது காற்று உள்ளே வராமல் நசுங்கும்.

கணக்கும் தெரிந்துகொள்வது நல்லது. நூறு லிட்டர் தண்ணீரை 20-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 4.7 யூனிட் வேண்டும், இரண்டு கிலோவாட் கீசர் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற கரண்ட். பெங்களூரில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து யூனிட் வெயில் விழுகிறது, பலகை அதில் பாதியைப் பிடிக்கிறது. நூறு லிட்டருக்கு இரண்டு சதுர மீட்டர் பலகை என்று சொல்வது இதனால்தான். மழைக்காலத்தில் வானம் மூடிக்கொண்டிருக்கும் நாட்களில் இந்தக் கணக்கு பாதிகூட வராது, அப்போது கீசரைப் போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

அடுத்த எதிரி உப்பு. காவேரித் தண்ணீர் வருகிற வீட்டில் பலகை வருடக்கணக்கில் ஓடும். போர் தண்ணீரும் டேங்கரும் மட்டும் என்றால் வேறு கதை. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம், சூடு பட்டதும் சுண்ணாம்பாகக் குழாயின் உள்சுவரில் ஒட்டும். விரல் தடிமன்கூட இல்லாத செம்புக் குழாய், தள்ளுகிற அழுத்தமோ ஒன்றரை சென்டிமீட்டர், சீக்கிரமே சுற்று நின்றுவிடும். நல்ல வெயிலில் மத்தியானம் பலகைக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டு, டேங்க் மட்டும் ஆறிக் கிடந்தால் உப்பு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆசிட் வாஷ் செய்யலாம், ஆனால் வீரியமான ஆசிட் செம்பையும் சேர்த்துத் தின்னும், அதற்கான லேசான கலவையை வைத்துச் செய்கிறவரையே கூப்பிடுங்கள். போர் தண்ணீர் வீடுகளுக்குக் கண்ணாடிக் குழாய் மாடல் பரவாயில்லை, குழாய் அகலமாக இருப்பதால் உப்பு உடனே அடைக்காது.

அந்தக் கண்ணாடிக் குழாய் இரண்டு சுவர் கொண்டது, நடுவில் காற்றே கிடையாது, ஃபிளாஸ்க்கைப் போலவே. குழாயின் அடிநுனியில் வெள்ளி மாதிரி பளபளப்பாக ஒரு பூச்சு இருக்கும், அது பேரியம். குழாயில் விரிசல் விழுந்து காற்று புகுந்தால் அந்த வெள்ளி பால் வெள்ளையாக மாறிவிடும். மாதம் ஒரு தடவை குனிந்து பார்த்தால் போதும். எங்கள் வீட்டில் இருப்பது இந்த மாடல்தான். 2024 மார்ச்சில், பெங்களூரே தண்ணீருக்குத் தவித்த அந்த மாதம், ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போயிருந்தோம். சின்டெக்ஸ் காலி, சோலார் டேங்கும் வற்றி, ஒவ்வொரு குழாயிலும் நின்ற இரண்டரை லிட்டர் போலத் தண்ணீரும் வெயிலில் ஆவியாகிப் போயிருந்தது. வந்த அன்று மத்தியானம் ஒரு மணிக்கு டேங்கர் கிடைத்த சந்தோஷத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டேன். பச்சைத் தண்ணீர் இறங்கிய இரண்டாவது நிமிடம் மாடியில் 'டப்', கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டப்'. காய்ந்த குழாய் வெயிலில் 200 டிகிரியையும் தாண்டும். வற்றிய சோலாரை விடிவதற்கு முன்பு, அல்லது இருட்டி ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும். கண்ணாடியில் தூசி கழுவுவதற்கும் இதே நேரம்தான்.

அக்காவுக்கு இப்போது காலையில் வெந்நீர் வருகிறது. கீழ் வீட்டுக்காரர்களுக்குத்தான் இன்னும் ஒரு குறை, சூடு வரும்வரை ஆறேழு லிட்டர் வீணாகிறது என்கிறார்கள். அதற்கு டேங்கைக் குற்றம் சொல்ல முடியாது. முக்கால் அங்குலப் பைப்பில் மீட்டருக்கு முந்நூறு மில்லி நிற்கும், மாடியிலிருந்து அவர்கள் பாத்ரூம்வரை இருபது மீட்டர், ராத்திரியில் ஆறிய அந்தத் தண்ணீர் முழுவதும் முதலில் வந்தாக வேண்டும். ஒரு பக்கெட்டை அடியில் வைத்துப் பிடித்துத் துணிக்கு ஊறப்போட்டுக்கொள்ள அக்கா சொல்லியிருக்கிறாள். பைப்புக்கு ஸ்பாஞ்ச் உறையை முழு நீளத்துக்கும் மாற்றுகிற வேலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை.