மேகத்தின் அடி எத்தனை அடியில்?

சிறு விமானம் ஓட்டும் உரிமத்துக்குப் பயிற்சி எடுக்கும் திருமங்கலம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வானிலை ஆப்பில் மதுரைக்கு 40 சதவீதம் மழை என்று காட்டுகிறது. திண்டுக்கல் வரை பறந்து திரும்பலாமா, கூடாதா?"

அந்த 40-ஐ மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. மழை எந்தப் பக்கம், எந்த நேரம், எவ்வளவு வலுவாக வரும் என்று அது சொல்வதில்லை. கண்ணால் பார்த்து ஓட்டும் விமானத்துக்கு வேண்டிய தகவல் வேறு. எவ்வளவு தூரம் தெரியும்? மேகத்தின் அடிப்பகுதி எந்த உயரத்தில் நிற்கும்? நம் நாட்டு விதிப்படி இப்படிப் பறப்பவர் விமான நிலையத்திலிருந்து கிளம்ப, பார்வைத்தூரம் 5 கிலோமீட்டருக்கும் மேகக்கூரை 1,500 அடிக்கும், அதாவது சுமார் 450 மீட்டருக்கும், குறையக் கூடாது.

மேகத்தின் உயரத்தை உங்கள் ஆப்பை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். விவரங்கள் பகுதியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் டியூ பாயின்ட் என்று ஒரு எண் இருக்கும். பள்ளிப் பாடத்தில் படித்த பனிநிலைதான் அது. காற்று அந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். வெயிலில் தரை சுடுகிறது, தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே கிளம்புகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் அது விரிகிறது. விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவிடுகிறது. அதனால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. காற்று விரியும்போது நீராவியும் கூடவே நெருக்கம் குறைவதால் பனிநிலையும் இறங்கும், ஆனால் மெதுவாக, கிலோமீட்டருக்கு 2 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக. ஒன்று வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் இறங்கினால் எங்கோ ஓர் உயரத்தில் இரண்டும் சந்தித்துத்தானே ஆக வேண்டும்? இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி சுருங்குகிறது. அப்படியானால் ஒரு டிகிரிக்கு 125 மீட்டர், சுமார் 400 அடி. சந்திக்கும் அந்த உயரத்தில்தான் மேகம் பிறக்கிறது. பிற்பகலில் யானைமலைக்கு மேலே மிதக்கும் திரள் மேகங்களுக்கெல்லாம் அளவுகோல் வைத்து வெட்டியது போல அடிப்பகுதி தட்டையாக, ஒரே உயரத்தில் இருப்பது இதனால்தான்.

இப்போது மதுரைக்குப் போட்டுப் பார்ப்போம். மே மாதப் பிற்பகலில் வெப்பநிலை 38, பனிநிலை 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 16, மேகம் 2,000 மீட்டரில். தாராளமான இடம். நவம்பரில் 28, 24 என்றால் வித்தியாசம் 4, மேகம் தரையிலிருந்து வெறும் 500 மீட்டரில். விதிப்படி கிளம்பலாம்தான். ஆனால் மதுரை விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 640. திண்டுக்கல் போகும் வழியில் நிற்கும் சிறுமலை 1,000 மீட்டரைத் தாண்டுவது. மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருக்கும்போது அந்தப் பக்கம் போகவே கூடாது.

வித்தியாசம் தரையிலேயே பூஜ்யத்தை நெருங்கினால் மூடுபனி. மார்கழி, தை மாத அதிகாலைகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆப்பின் எண்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆப்புகள் எண்களை எடுக்கும் கணினி மாதிரிகளில் பிரபலமான, ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரி உலகத்தைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. நாகமலை போன்ற ஒடுக்கமான குன்று அதில் கரைந்துபோகும். புனேயில் உருவாகி 2025 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்த நம் பாரத் முன்கணிப்பு அமைப்பு 6 கிலோமீட்டர் வரை இறங்கியிருக்கிறது. பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் கட்டம் சிறியதானால் போதாது, அதற்குள் போட அளவீடுகளும் வேண்டும். தென் மாவட்டங்களில் தானியங்கி நிலையங்களையும் வானிலை பலூன்களையும் அதிகமாக்க அரசு தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்ன வருடம் இத்தனை மரக்கால் மழை என்று பஞ்சாங்கம் பார்ப்பதில் காட்டும் ஆர்வத்தில் கொஞ்சம் இதற்கும் வந்தால் நல்லது.

அப்புறம் ஒன்று. 125 மீட்டர் கணக்கு தரைச் சூட்டில் எழும் திரள் மேகத்துக்கு மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து விரிந்து வரும் அடுக்கு மேகத்துக்கு இது பொருந்தாது. அப்போது மதுரை விமான நிலையத்தின் மெட்டார் அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும். காற்று, பார்வைத்தூரம், மேக உயரம், வெப்பநிலை, பனிநிலை எல்லாம் அதில் ஒரே வரியில் இருக்கும். நேரம் மட்டும் உலகப் பொது நேரத்தில் வரும். 0930 என்றிருந்தால் நமக்குப் பிற்பகல் 3 மணி. உங்கள் கணக்கும் மெட்டாரும் வேறுபட்டால், சிறிய எண்ணை எடுத்துக்கொண்டு, கிளம்பும் முன் விமான நிலைய வானிலை அலுவலகத்தில் காரணம் கேளுங்கள்.