ஒரு பக்கம் மட்டும் சிதையும் சாலை

கல்குவாரிகள் நிறைந்த பகுதியில் வசிக்கும் வாசகர் ஒருவர் ஒரு நல்ல கேள்வியை அனுப்பியிருந்தார். அவருடைய ஊர்ச் சாலையில், டிப்பர் லாரிகள் ஜல்லி ஏற்றிக்கொண்டு வரும் பக்கம் இரண்டே மழைக்காலத்தில் குண்டும் குழியுமாகிவிட்டது. அதே லாரிகள் காலியாகத் திரும்பும் பக்கமோ இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஒரே ஒப்பந்ததாரர் ஒரே வாரத்தில் போட்ட தார், ஒரே மழை, லாரிகளின் எண்ணிக்கையும் ஒன்றே. அப்படியிருக்க இது எப்படி என்பது அவர் கேள்வி. சாலை பெயர்ந்தால் தாரில் கலப்படம் என்று சொல்வது நம் வழக்கம். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்தச் சாலையில் மற்றவை எல்லாம் சமமாக இருக்க, சுமை மட்டுமே வேறுபடுகிறது. அவர் தம்மை அறியாமலேயே ஓர் ஒழுங்கான சோதனையின் முடிவைக் கண்டிருக்கிறார்.

சாலைக்கு லாரியின் மொத்த எடை தெரியாது. ஒவ்வோர் அச்சும் தன்மீது எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டுமே தெரியும். ஆகையால்தான் இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் மொத்த எடையோடு அச்சுக்கு அச்சும் வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. நான்கு டயர் கொண்ட ஒற்றைப் பின் அச்சுக்கு 2018 ஜூலை வரை 10.2 டன் அனுமதி. அதன் பின் 11.5 டன். அடுத்தடுத்து அமைந்த இரட்டை அச்சுக்கு 19 டன்னாக இருந்தது 21 டன் ஆனது.

இந்த எண்களின் பொருளை உணர, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை நடந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெவ்வேறு கனத்தில் சாலைத் துண்டுகளை வளையங்களாக அமைத்து, ஒவ்வொரு தடத்திலும் ஒரே வகைச் சுமையுள்ள வண்டிகளை மட்டும் இராணுவ ஓட்டுநர்களைக் கொண்டு இரண்டு ஆண்டுகள் ஓட்டினார்கள். ஒற்றை அச்சுச்சுமை ஏறத்தாழ 0.9 டன் முதல் 13.6 டன் வரை இருந்தது. 11 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுகள் கடந்தன. சுமை இரு மடங்கானால் சேதம் இரு மடங்காகவில்லை, ஏறக்குறைய பதினாறு மடங்கானது. சேதம் சுமையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்னும் விதி இதிலிருந்து பிறந்தது. 18,000 பவுண்டு, அதாவது சுமார் 8.16 டன் கொண்ட அச்சு இன்றும் உலகின் பல நாடுகளில் சாலைச் சேதத்தை அளக்கும் படிக்கல்லாக இருக்கிறது.

ஏன் இவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தார்ச்சாலையைப் பாறைபோல் நினைக்கிறோம். உண்மையில் அது மண்மீது கிடக்கும் ஒரு தடித்த பலகை. சக்கரம் மேலே வரும்போது பலகை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகக் குழிந்து, சக்கரம் போனதும் நிமிர்கிறது. குழியும்போது மேற்பரப்பு நெருக்கப்படுகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. அந்த இழுபடல் மிக நுண்ணியது: ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்றாலே அது பெரிய அளவு. சாலை ஒரு முறை அழுந்தியதால் உடைவதில்லை. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அறுந்துபோகிறதே, அப்படி அது களைத்துப்போகிறது. சுமை லேசானால், ஜல்லிகளுக்கு இடையே பிறக்கும் நுண்விரிசலை, இரண்டு வண்டிகளுக்கு இடைப்பட்ட ஓய்வில் பிசுபிசுப்பான தாரே ஓரளவு ஒட்டிக்கொள்கிறது. சுமை கூடினால் விரிசலின் முனையில் தகைவு (பொருளுக்குள் எழும் இழுவிசை) குவிந்து, ஒவ்வொரு வளைவிலும் அது சற்று முன்னேறுகிறது. நீண்ட விரிசலின் முனையில் தகைவு இன்னும் கூடுதல் என்பதால் அடுத்த அடி இன்னும் பெரிதாகிறது. இவ்வாறு கீழிருந்து மேலேறி வெளிப்படும்போதுதான், முதலைத்தோல் போன்ற கட்டம் கட்டமான வெடிப்பு நம் கண்ணில் படுகிறது. அப்போதே காலம் கடந்துவிட்டது. மழைநீர் அந்த வழியே இறங்கி அடிமண்ணைக் குழைக்கிறது. நம் நாட்டுச் சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வடிவமைப்பு நெறிமுறையில் இந்தக் களைப்புக்கான அடுக்கெண் 3.89, அடிமண் அமுங்கிச் சக்கரத்தடம் பள்ளமாவதற்கான அடுக்கெண் 4.5337. இரண்டும் நான்கை ஒட்டியே நிற்பது தற்செயல் அன்று.

இப்போது வாசகரின் சாலைக்கு வருவோம். காலி டிப்பரின் பின் அச்சில் 3 டன் இருப்பதாகக் கொண்டால், 11.5 டன்னுடன் வரும் அதே அச்சு 200 மடங்குக்கும் அதிகமான சேதத்தை விளைவிக்கிறது. ஒரு டன் எடையுள்ள சிறிய காரின் அரை டன் அச்சோடு ஒப்பிட்டால் 23-இன் நான்காம் அடுக்கு, அதாவது 2,79,841 மடங்கு. இதுவும் சட்டம் அனுமதிக்கும் எடையில்தான்.

2018-இல் வரம்பை உயர்த்தியபோது, சுமை கூடினால் நடைகள் குறையும், ஆகவே கணக்கு சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. போட்டுப் பார்க்கலாம். 10.2-இலிருந்து 11.5 என்பது சுமையில் 13 விழுக்காடு கூட இல்லை. சேதமோ அச்சுக்கு 62 விழுக்காடு கூடுகிறது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2-இலிருந்து 18.5 டன் ஆனது. காலி எடையை 6 டன் என்று கொண்டால், கொண்டுசெல்லப்படும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் பின் அச்சு செய்யும் சேதம் சுமார் மூன்றில் ஒரு பங்கு உயர்கிறது. நடை குறைவது உண்மை. ஆனால் அது ஈடுகட்டாது.

அபராதம் வேறு கணக்கில் போகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதிகச்சுமைக்கு 20,000 ரூபாய், மிகையாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மிகைச்சுமையை இறக்கிய பிறகே வண்டி நகரலாம். அதாவது அபராதம் நேர்கோட்டில் ஏற, சேதம் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. புது லாரியின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதில் எனக்கு மறுப்பில்லை. அதே டயருக்கு அடியில் நசுங்கும் சாலைக்கும் யாராவது கணக்கு வைத்தால் நல்லது. குளிர்காலத்தில் உறைந்து வசந்தத்தில் இளகும் இல்லினாய் மண்ணில் கிடைத்த விதியை, கோடையில் கால் வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும் நம் தார்ச்சாலைக்குப் பொருத்த வேண்டுமானால், இங்கேயும் அந்த அளவில் பல ஆண்டுகள் சாலைகளை வேண்டுமென்றே உடைத்துப் பார்க்கும் சோதனைகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒட்டுப்போடும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான் என்பது என் கருத்து.

விதியின் இன்னொரு முகம் லாரிக்காரர்களுக்குச் சாதகமானது. இரட்டை அச்சில் சக்கரங்கள் நெருங்கி அமைவதால், சாலை இரண்டு முறை தனித்தனியாக ஆழ்ந்து குழியாமல், அகன்று, குறைந்த ஆழத்தில் குழிகிறது. எனவே 8.16 டன் ஒற்றை அச்சு செய்யும் சேதத்தை ஓர் அலகு என்று கொண்டால், இரட்டை அச்சு அதே ஓர் அலகைச் செய்யச் சுமார் 15.1 டன் வேண்டும். 21 டன் இரட்டை அச்சும் 11.5 டன் ஒற்றை அச்சும் செய்யும் சேதம் ஏறத்தாழ ஒன்றே. பெரிய லாரிகளில் ஒரு ஜோடிச் சக்கரம் அந்தரத்தில் தூக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலி வண்டியில் டயர் தேய்மானத்தையும் டீசலையும் மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது. சரக்குடன் தூக்கிக்கொண்டு போனால்தான் வினை. 16 டன் சுமை இரண்டு அச்சிலும் தரையைத் தொட்டிருந்தால் சேதம் 1.3 அலகு; ஒன்றைத் தூக்கிவிட்டு மற்றொன்றின் மேலேயே முழுவதையும் ஏற்றினால் 14.8. எடை மேடையில் மொத்த எடையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே லாரி.