வாக்கர்தான் ஸ்டம்ப்

ஊனமுள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் நான் வியாழக்கிழமைகளில் போகிற தொடக்கப்பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு வாரமாக வரவில்லை. மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி) உள்ள பிள்ளை. காலில் ஸ்பிளிண்ட் என்ற தாங்குபட்டை, கையில் வாக்கர், வாய் மட்டும் ஓயவே ஓயாது. வீட்டுக்குப் போனேன். "வயித்து வலின்னு சொல்றான் மிஸ்" என்றார் அம்மா. அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்து பல்லாங்குழி ஆடிய பிறகுதான் விஷயம் வந்தது. "கிரிக்கெட்டுக்குச் சேத்துக்க மாட்டேங்கிறாங்க மிஸ். கால் வலிக்கும், நிழல்ல போய் உக்காருன்னு சொல்றாங்க."

நவம்பர் வரை அந்த வகுப்பின் விக்கெட் கீப்பர் அவன்தான். அவனுடைய வாக்கர்தான் ஸ்டம்ப். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறவன் கீப்பராகத்தானே இருக்க முடியும்? இந்த ஏற்பாட்டைப் பெரியவர்கள் யாரும் சொல்லித் தரவில்லை, பிள்ளைகளே கண்டுபிடித்தது. எங்கள் பிசியோதெரபிஸ்ட் கெஞ்சினாலும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதவன், ஆட்டம் என்றால் முக்கால் மணி நேரம் நிற்பான். அதைவிட நல்ல பயிற்சியை எங்களால் கொடுக்க முடியாது.

நடுவில் வந்தது ஒரு படக்கதை. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். 1992-லிருந்து ஐக்கிய நாடுகள் சபை அனுசரிக்கிற நாள். அன்று வகுப்பில் ஒரு முயல் கதையைப் படித்திருக்கிறார்கள். கால் ஊனமான முயல், யாரும் விளையாடச் சேர்ப்பதில்லை, அழுகிறது, "பாவம், நாம் அன்பாக இருக்க வேண்டும்" என்று அணில் சொல்கிறது, எல்லோரும் முயலைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கதை முடிந்ததும் பையனை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, ஒரு ரோஜாப்பூ கொடுத்து, "இனிமேல் எல்லாரும் இவனுக்கு உதவி செய்யணும், சரியா?" என்று கேட்டிருக்கிறார்கள். வகுப்பே "சரிங்க மிஸ்" என்றது. பிள்ளைகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். பையைத் தூக்கினார்கள், டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தார்கள், நிழலில் உட்கார வைத்தார்கள். கீப்பர் வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஆசிரியரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நல்ல எண்ணத்தில், சொந்தக் காசில் புத்தகம் வாங்கிப் படித்தவர். ஆனால் இதே மாதிரி இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது பிள்ளை இவன். இனியும் சொல்லாமல் இருக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அன்பு என்றால் உதவி, உதவி என்றால் அந்தப் பிள்ளை செய்ய வேண்டியதை நாம் செய்துவிடுவது. ஆசிரியர், பெற்றோர், நன்கொடை கொடுக்க வருகிறவர் என்று எல்லோரிடமும் நான் பார்ப்பது இந்த எண்ணத்தைத்தான். நாம் குழந்தைகளுக்கு வாங்கித் தருகிற புத்தகங்களும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. தயவுசெய்து ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்கள் பிள்ளைக்கு அதன் நண்பர்கள் காட்டும் அன்பு எப்படி இருக்கும்? சேர்ந்து விளையாடுவார்கள், தோற்றால் கேலி செய்வார்கள், பென்சிலைத் திருடுவார்கள், சண்டை போட்டு மறுநாள் பேசுவார்கள். ஊனமுள்ள பிள்ளைக்கு மட்டும் ஏன் வேறு வகை அன்பு? எட்டு வயதில் ஒரு பிள்ளைக்கு வேண்டியது ஆட்டத்தில் ஓர் இடம். அந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டு ரோஜாப்பூ கொடுத்தால் அதை என்னவென்று சொல்வது? உதவி வேண்டுமா என்று கேட்பதுகூட இல்லையே! கேட்டால் அந்தப் பிள்ளை "வேண்டாம்" என்று சொல்லும். பத்தில் எட்டு முறை அப்படித்தான் சொல்லும், நான் தினம் பார்க்கிறேன்.

'பாவம்' என்ற சொல்லையே பாருங்கள். இரக்கத்துக்கும் அதுதான், தீவினைக்கும் அதுதான். ஒருவர் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்தவர் "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்பார். அந்தத் தாயின் காதில் இரண்டும் ஒரே மாதிரிதான் விழுகின்றன.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. பழைய தமிழில் நொண்டி நாடகம் என்று ஒரு சிற்றிலக்கிய வகையே உண்டு. தாசியிடம் பொருளை இழந்தவன் திருடப் போய்ப் பிடிபடுவான், தண்டனையாகக் காலை இழப்பான், பிறகு இறைவனை வேண்டிக் காலைத் திரும்பப் பெறுவான். திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் என்று பல இருக்கின்றன. ஊனம் தண்டனை, குணமாவது பரிசு. இன்றைய படக்கதைகள் பலவற்றில் தண்டனையை எடுத்துவிட்டார்கள், பரிசை மட்டும் விடவில்லை. அவற்றின் கடைசிப் பக்கத்தில் ஊனமுள்ள பிள்ளை எழுந்து ஓடும். மூளை முடக்குவாதம் கடைசிப் பக்கத்தில் போய்விடாது. வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அது. அந்தப் பாதிப்பு கூடிக்கொண்டே போகாது, மறைந்தும் போகாது. அந்தப் பக்கத்தைப் பார்க்கும் இந்தப் பையனுக்கு நாம் சொல்லும் செய்தி, "நீ ஓடினால்தான் கதை நன்றாக முடியும்" என்பது.

அப்புறம் யானையைத் தடவிய கதை. பார்வையற்றவர்களைப் பற்றி நம் குழந்தைகள் கேட்கும் முதல் கதை பெரும்பாலும் அதுதான். பார்வையற்ற பிள்ளையிடம் ஒரு புதுப் பொருளைக் கொடுத்துப் பாருங்கள். தடவி, தட்டி, முகர்ந்து, திருப்பி, அடியில் என்ன இருக்கிறது என்று துழாவிவிட்டுத்தான் கீழே வைக்கும். வாலை மட்டும் தொட்டுவிட்டுக் கயிறு என்று சண்டைக்கு வருவது கண்ணால் பார்த்துப் பழகியவர்களின் கற்பனை.

நல்ல புத்தகங்கள் இல்லாமல் இல்லை. சென்னையின் துளிகா பதிப்பகம் வெளியிட்ட 'கேட்ச் தட் கேட்' நான் அடிக்கடி எடுத்துப் போகும் புத்தகம். எழுதியவர் தாரிணி விஸ்வநாத், படங்கள் நான்சி ராஜ். சக்கர நாற்காலியில் சுற்றும் குறும்புக்காரி ஒருத்தி காணாமல் போன பூனையைத் தேடிப் போகிறாள். சக்கர நாற்காலி ஏன், எப்படி என்று கதை நின்று விளக்கம் சொல்வதில்லை. கதை பூனையைப் பற்றியது. வகுப்பில் படித்தால் பிள்ளைகளின் கவலையும் பூனையைப் பற்றித்தான். ஷீலா திர் எழுதி 1999-ல் அதே பதிப்பகத்தில் வந்த இன்னொரு புத்தகத்தில், என் கையைப் பிடிக்க ஏன் பயப்படுகிறாய் என்று ஊனமுள்ள குழந்தையே நம்மைக் கேட்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு முன் பெரியவர்கள் படிப்பது நல்லது.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் செய்யும் சோதனை ஒன்றுதான். ஊனத்தை எடுத்துவிட்டால் கதையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அந்தப் பிள்ளை தானாக ஏதாவது செய்கிறதா, முடிவு எடுக்கிறதா, தப்பு செய்கிறதா? இல்லையென்றால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். படங்களையும் பாருங்கள். சக்கர நாற்காலி என்றால் ஆஸ்பத்திரி நாற்காலி, பின்னால் தள்ள ஓர் ஆள்! வெளிவளையத்தைப் பிடித்துத் தானே உருட்டிப் போகும் பிள்ளையை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறீர்கள்? ஓவியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சைகை மொழி என்று விரல்களை இஷ்டத்துக்கு வளைத்து வரையாதீர்கள். இந்திய சைகை மொழி அகராதியின் 2021 பதிப்பு 10,000 சொற்களோடு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. படக்கதைகளில் சக்கர நாற்காலியும் கறுப்புக் கண்ணாடியும் தவிர மற்றவை அபூர்வம். எழுத்து தடுமாறும் பிள்ளை, சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை, பேச்சு திக்கும் பிள்ளை எல்லாம் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊன்றுகோல் மாதிரி வெளியில் தெரிகிற எதுவும் இல்லாததால் அவர்களுக்கு அடி மட்டும் விழுகிறது.

சரி, ஆசிரியர்களுக்கு. வகுப்பில் ஊனமுள்ள பிள்ளை இருந்தால் கதை முடிந்ததும் அதன் முகத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் பார்த்தால் நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். முன்னால் கூப்பிட்டு நிறுத்தவே நிறுத்தாதீர்கள். "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்ற கேள்வி வேண்டாம், 'உதவி செய்ய வேண்டும் மிஸ்' என்ற பதில் தயாராக இருக்கும். டிசம்பர் 3-க்காகக் காத்திருக்காதீர்கள். ஜூலையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, நரிக் கதைக்கும் மாம்பழக் கதைக்கும் நடுவில் படியுங்கள். 'ஸ்பெஷல் குழந்தை', 'கடவுளின் குழந்தை' எல்லாம் போதும். அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். காசு இல்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே கதைகள் இலவசம், அச்செடுத்துக்கொள்ளலாம். பார்வையற்ற பிள்ளை இருந்தால் அட்டையில் உப்புத்தாள், உடைந்த வளையல், காய்ந்த அரச இலை, துணி என்று ஒட்டி ஒரு தொடு புத்தகம் செய்யுங்கள். வகுப்பே சேர்ந்து செய்தால் ஒரு மதியம் போதும். வளையலின் கூர்முனையை மட்டும் தேய்த்துவிடுங்கள்.

பெற்றோருக்கு. படத்தைப் பார்த்தோ தெருவில் பார்த்தோ "ஏம்மா அந்த அக்கா கால் அப்படி இருக்கு?" என்று பிள்ளை கேட்டால் கிள்ளாதீர்கள், வாயைப் பொத்தாதீர்கள். கேட்கக் கூடாத ஏதோ பயங்கரம் அது என்று அப்போதுதான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. "மூளை சொல்றது தசைக்குச் சரியா போய்ச் சேரலை, அதனால வாக்கர் வெச்சு நடக்கிறா" என்று சொன்னால் போதும். பிள்ளைகள் "ஓ" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடும். ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டால் ஒட்டாது என்று சொல்லுங்கள். உங்களுக்கே அந்தச் சந்தேகம் இருந்தால் என்னிடம் கேளுங்கள், கோபப்பட மாட்டேன்.

பையன் பள்ளிக்கு வந்துவிட்டான். அந்த ஆசிரியரும் நானும் பேசினோம். அவர் அழுதார், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பையைத் தூக்குவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். பூனைக் கதையை இரண்டு முறை படித்துவிட்டார். போன வியாழக்கிழமை போனபோது மைதானத்தில் மூன்று குச்சியை நட்டு ஸ்டம்ப் வைத்திருந்தார்கள். வாக்கர் சுவர் ஓரமாகச் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் அவன் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் மறுபடியும் போகிறேன்.